தாமஸ் ஹாப்ஸ்

தாமஸ் ஹாப்ஸ் (ஏப்ரல் 5, 1588 – டிசம்பர் 4, 1679) ஓர் ஆங்கிலேய மெய்யியலாளர் ஆவார். உள்நாட்டுப் போர் மூளுமுன்னரே, 1640 இல், அஞ்சிப் பாரிசுக்குச் சென்று பதினோர் ஆண்டுகள் தங்கினார்.

பொது அதிகாரமற்ற இயற்கை நிலையில் மனிதர் ஓயாது போரிடுவர். ஆதலால் தம் உரிமைகளை ஓர் இறைமையாளரிடம் ஒப்படைக்கின்றனர் என 1651 இல் வெளியான லெவியத்தான் நூலில் வாதிட்டார். மனிதரை இயல்பிலேயே தீயோர் என இவர் கூறியதாகக் கருதுவது சரியன்று. ஏறத்தாழச் சமமான வலிமையுடையோர் ஒருவரையொருவர் அஞ்சுவது பூசலுக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்றார். தன் உயிரைக் காக்கும் உரிமையை மட்டும் எவரும் கைவிட இயலாது.

மாறாக ஜான் லாக், இயற்கை நிலையிலும் பகுத்தறிவின் சட்டம் உண்டு என்றும், உரிமைகளைக் காக்கத் தவறும் அரசை மக்கள் நீக்கலாம் என்றும் கருதினார்.

வலிமையான அரசை ஆதரித்தும் ஹாப்ஸ் அரச ஆதரவாளர்களின் வெறுப்புக்கு ஆளானார். ஆட்சியுரிமை கடவுளிடமிருந்தன்றி மக்களின் உடன்பாட்டிலிருந்தே பிறக்கிறது என்றாரல்லவா? 1683 இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இவரது நூல்களை எரித்தது.