மாமல்லைப் பாறையும் மயிலை சீனி. வேங்கடசாமியும்

மாமல்லபுரம் சென்று வந்த நம் குடும்பத்தார் பலரும் அங்குள்ள பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நின்று, அருச்சுனன் தபசு என்று வழிகாட்டுவோர் கூறக் கேட்டுத் திரும்பியிருப்பர். அப்பாறையில் பொறிக்கப்பட்டிருப்பது அஜிதநாத தீர்த்தங்கரர் காலத்துக் கதையே என்று நிறுவுவதற்காக 1950ஆம் ஆண்டில் மகாபலிபுரத்துச் சைன சிற்பம் என்னும் தனி நூலை எழுதினார் ஓர் அறிஞர். அவர் சமணர் அல்லர். பல்கலைக்கழகப் பேராசிரியரும் அல்லர். சென்னையில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர். அவரே மயிலை சீனி. வேங்கடசாமி.

அவர் 1900ஆம் ஆண்டு மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சீனிவாசனார் சித்த மருத்துவர். தமையனார் கோவிந்தராசனார் தமிழ்ப் புலவர். இளையவருக்கு முதல் தமிழாசிரியரும் அவரே. ஓவியத்தில் கொண்ட விருப்பத்தால் எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார் வேங்கடசாமி. குடும்பச் சூழ்நிலை அப்படிப்பை முடிக்க விடவில்லை. பின்னர் நீதிக்கட்சியின் திராவிடன் நாளிதழில் சிலகாலம் பணிபுரிந்து, அதன்பின் ஆசிரியப் பணியில் அமர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

பகற்பொழுதெல்லாம் வகுப்பறையில் நின்று பாடம் நடத்தியவருக்கு மாலையில் எவ்வளவு வலிமை எஞ்சியிருக்கும் என்பதை, சாக்கட்டித் தூளில் வாழ்நாளைக் கழித்த யாம் நன்கு அறிவோம். அந்த எஞ்சிய பொழுதில்தான் அவர் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்றார். மலையாளமும் கன்னடமும் பயின்றார். 1936இல் கிறித்தவமும் தமிழும், 1940இல் பௌத்தமும் தமிழும், 1954இல் சமணமும் தமிழும் என அவர் நூல்கள் வெளிவந்தன. இலக்கியம், கல்வெட்டு, சிற்பம், சமயம், இசை ஆகியவற்றை ஒன்றோடொன்று வைத்து நோக்கும் பண்பாட்டு ஆய்வு இன்று பல்கலைக்கழகங்களில் தனித் துறையாகவே போற்றப்படுகிறது. அந்தப் பெயரெல்லாம் பரவுமுன்னரே அவ்வழியில் நடந்தவர் இவர்.

மாமல்லைப் பாறைக்கு வருவோம். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அப்பாறையின் நடுவில் இயற்கையாக அமைந்த ஒரு பிளவு உண்டு. அதில் நாகரும் நாகினியும் மேல்நோக்கி எழுகின்றனர். இப்பிளவு கங்கையைக் குறிக்கும் என்றும், சிற்பம் பகீரதன் தவத்தைக் காட்டும் என்றும் 1914ஆம் ஆண்டிலேயே கோலுபேவ் என்னும் அறிஞர் எழுதினார். அருச்சுனன் பாசுபதம் பெறத் தவம் செய்த காட்சியே இது என்று வேறு சிலர் மறுத்தனர். இவ்வழக்கின் இடையே புகுந்த வேங்கடசாமி, கங்கையும் பகீரதனும் சைவ வைணவ நூல்களுக்கு மட்டும் உரியோர் அல்லர், சமண புராணத்திலும் உள்ளனர் என்று எடுத்துக்காட்டினார். சகர சக்கரவர்த்தியின் மக்கள், பரதன் எடுப்பித்த ஜினாலயங்களைக் காக்கக் கயிலையைச் சூழ அகழி தோண்டினர். கங்கை நீரை அதில் பாய்ச்சினர். நாகத்தின் சினத்திற்கு ஆளாகிச் சாம்பராயினர். நம் இல்லங்களில் பாட்டிமார் சொல்லிவந்த கதைதான் இது. பாறையின் பிளவில் நாகர் எழுவதற்கு இக்கதை நன்கு பொருந்துவதைக் காண்க.

இதைப் படித்தவுடன் நம் உள்ளம் பூரித்தல் இயல்பே. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஆய்வாளருள் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. பூதகணங்கள் சூழ, நான்கு கைகளுடன், ஒற்றைக்காலில் தவம் செய்வோனுக்கு வரமளித்து நிற்கும் உருவம் சிவபெருமானே என்பது எளிதில் தள்ளத்தக்க சான்று அன்று. அதன் கீழே திருமால் உருவம் அமைந்த சிறு கோயிலும் இருக்கிறது. எமக்கும் அருச்சுனன் கட்சியோ கங்கைக் கட்சியோதான் வலியதாகத் தோன்றுகிறது. நம் சமயத்துக்குப் பெருமை தருகிறது என்பதற்காகவே ஒரு முடிவை ஏற்றுக்கொண்டால், சத்தியத்தை அணுவிரதமாகக் கொண்ட நாம் அவரிடமிருந்து கற்றது ஒன்றுமில்லை என்றாகும். எனினும், தமிழகத்துச் சிற்பத்தைக் காணும்போது சமண நூல்களையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் கேட்ட கேள்வி பொய்க்கவில்லை.

பல்லவ மன்னர்களைப் பற்றியும் அவர் தனித்தனி நூல்கள் எழுதினார். 1955இல் வந்த மகேந்திரவர்மன் நமக்கு நெருக்கமானது. சமணனாக இருந்து பின்னர்ச் சைவனானவன் என்று கூறப்படும் அம்மன்னன் காலத்துக் குடைவரை ஒன்று செங்கற்பட்டுக்கு அருகே வல்லத்தில் உள்ளது. அதை அமைத்தவன் அவனுக்கு அடங்கிய சிற்றரசன் கந்தசேனன் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. மாமல்லபுரம் செல்வோர் அவ்வழியே சற்றுத் திரும்பினால் அதையும் காணலாம்.

சமணமும் தமிழும் நூலில் மாவட்டம் மாவட்டமாகச் சமணத் தலங்களைத் தொகுத்திருக்கிறார். எங்கோ வயல்நடுவில் கிடக்கும் தீர்த்தங்கரர் திருமேனி, ஏரிக்கரையில் சாய்ந்த கல், பள்ளி என்று முடியும் ஊர்ப்பெயர் என எதையும் விடவில்லை. இப்பணி நாம் செய்திருக்க வேண்டிய பணி. அக்காலத்தில் நம்மவர் பலர் வீட்டுப் பரணில் ஏடுகள் செல்லரித்துக்கொண்டிருந்தன. நாம் அறிந்த ஓர் இல்லத்தில் ஒரு கட்டு ஏடு, படிக்க ஆளில்லை என்று கூறி, ஆற்றில் விடப்பட்டதும் உண்டு. அப்போது அதைத் தடுக்க எமக்கு வயது போதவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் துணிவும் போதவில்லை.

மறைந்துபோன தமிழ் நூல்கள் என்று அவர் 1959இல் ஒரு நூல் எழுதினார். பெயர் மட்டும் எஞ்சி, ஏடு கிடைக்காமற்போன நூல்களின் பட்டியல் அது. சமணர் இயற்றியவை அதில் பல. வளையாபதி முழுமையாகக் கிடைக்காததை நம் குழந்தைகளும் பள்ளியில் படிக்கின்றனர்.

1980ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவருடைய நூல்களைப் பின்னாளில் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது. ஆதலால் அவற்றை இன்று எவரும் அச்சிடலாம். சமணமும் தமிழும் நம் ஊர் ஜினாலயங்கள் எத்தனையில் ஒரு படியேனும் இருக்கிறது என்று அடுத்த பூசையின்போது பார்த்து வருமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.