மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே ஐயர்

தென்காசியிலும் குற்றாலத்திலும் வாழும் நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை என்றால் சாரலும் அருவியும் நினைவுக்கு வரும். நம் முன்னோர்க்கோ அம்மலை ஓர் எல்லையாகவும் நின்றது. மலைக்கு இப்பால் கும்பினியார் ஆண்ட திருநெல்வேலிச் சீமை. அப்பால் திருவிதாங்கூர் மன்னரின் நாடு. நமக்கு அருகேயுள்ள செங்கோட்டையும், தெற்கே ஆரல்வாய்மொழிக்கு அப்பாலுள்ள நாஞ்சில் நாடும் திருவிதாங்கூருக்கு உட்பட்டவையாகவே நெடுங்காலம் இருந்தன. இவ்விரு பகுதிகளும் 1956 நவம்பர் 1ஆம் நாள் ஒன்றாகவே தாய்த் தமிழகத்தோடு இணைந்தன.

அந்நாட்டில் ஒடுக்கப்பட்டோர் பட்ட துயரம் சொல்லி மாளாது. அவர்களுள் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கவும் வாங்கவும்பட்ட அடிமைகள். அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை 1855ஆம் ஆண்டில்தான் அங்கே பிறந்தது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து அயல்நாட்டார் ஒருவர் அந்நாட்டுக்குள் நுழைந்தார். வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே என்பது அவர் பெயர். அவர் தாமாக வழி தேடி வந்தவர் அல்லர். நம்மவர் ஒருவரின் வேண்டுகோளே அவரை அங்கே வரவழைத்தது. இவ்வுண்மையை நம் இளைஞர்கள் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

ரிங்கல்தௌபே 1770ஆம் ஆண்டில் சிலேசியா நாட்டில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். அப்பகுதி இன்று போலந்து நாட்டில் அடங்கியுள்ளது. ஜெர்மனியின் ஹாலே நகரில் கல்வி பயின்றார். தரங்கம்பாடிக்குப் பல தொண்டர்களை அனுப்பிய பெருமை அந்நகருக்கு உண்டு. 1797ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். ஆனால் அங்கே அவர் மனம் ஒன்றவில்லை. இரண்டே ஆண்டுகளில் பணியைத் துறந்து, 1799ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குத் திரும்பிவிட்டார். அயல்நாட்டில் வேரூன்ற அவர் செய்த முதல் முயற்சி இவ்வாறு தோல்வியில் முடிந்தது.

ஆயினும் அவர் துவண்டுவிடவில்லை. இலண்டன் மிஷனெரி சங்கத்தின் சார்பில் மீண்டும் கப்பலேறி, 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். இம்முறை அவசரம் காட்டாமல், முதலில் தமிழ் கற்க அமர்ந்தார். மக்களின் மொழியை அறியாதவன் மக்களிடையே குடிபுக இயலாது என்பதை அனுபவம் அவருக்கு உணர்த்தியிருந்தது எனலாம்.

இதற்கிடையே மயிலாடி என்னும் சிற்றூரில் மகாராசன் என்ற பெரியவர் வாழ்ந்து வந்தார். சாம்பவர் குலத்தில் தோன்றிய அவர் இறைவனைத் தேடும் ஆர்வம் மிக்கவர். நந்தனாரின் கதை வழங்கும் அதே தில்லைக்கு அவர் கால்நடையாக யாத்திரை சென்றார். அந்த யாத்திரையின்போது தஞ்சைக்கும் சென்று, அங்கே கோலாப் ஐயரின் போதனையைக் கேட்டார். தம்மைத் தள்ளி நிறுத்தாமல், அருகே அமர்த்திப் பேசிய அந்தச் சபை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார்.

திரும்பியவர் வாளா இருக்கவில்லை. உற்றார் உறவினரைக் கூட்டித் தாம் அறிந்ததை எடுத்துரைத்தார். எதிர்ப்புகள் எழுந்தபோதும் சிறு கூட்டம் ஒன்று அவரைச் சுற்றி உருவாயிற்று. தம் மக்களுக்குப் போதிக்க ஒருவரை அனுப்ப வேண்டும் என்று அவர் தஞ்சையாரிடம் மன்றாடினார். அந்த வேண்டுகோளின் விளைவாகவே ரிங்கல்தௌபேயின் பார்வை தெற்கு நோக்கித் திரும்பியது.

பாளையங்கோட்டைக்கு வந்த ஐயர், 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் சென்று மயிலாடியை அடைந்தார். அங்கே ஆலயம் எழுப்ப அரசு எளிதில் இசையவில்லை. ஆங்கிலேயரின் பிரதிநிதியாக அங்கிருந்த கர்னல் மெக்காலே துணை நின்றபோதும், அனுமதி கிடைக்க நாளாயிற்று. இடையில் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியால் நாடே கலங்கியது. அமளி ஓய்ந்தபின், 1809ஆம் ஆண்டில் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. கூடவே கல்விப் பணியும் தொடங்கியது. நாகர்கோவிலில் இன்று புகழுடன் விளங்கும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1809ஆம் ஆண்டிலேயே வைத்து எண்ணுகிறது. சாம்பவர் குடியிருப்பு ஒன்றில் நட்ட விதை எவ்வளவு பெரிய மரமாயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஐயர் மக்களோடு வாழ்ந்த முறை அவர் இனத்தாருக்கே வியப்பை அளித்தது. அக்கால ஐரோப்பியர் பல்லக்கும் பணியாளரும் சூழ வாழ்ந்தனர். இவரோ எளிய குடிலில் எளிய உணவுண்டு வாழ்ந்தார். தமக்கு வந்த சம்பளத்தை ஏழை மக்களுக்கே செலவிட்டார். மேல்சட்டைகூடப் பெரும்பாலும் அவரிடம் இருந்ததில்லை. பாளையங்கோட்டைக்கு வரும்போது நண்பர் எவரேனும் கொடுத்தால்தான் உண்டு. உள்ளூரில் முடைந்த தொப்பியே அவர் தலையில் இருந்தது.

அதே வேளையில் அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தவரும் அல்லர். வரிச்சுமையிலிருந்து விடுபடலாம், வழக்கில் வெல்லலாம் என்ற எண்ணத்தோடு நாடி வந்தோரை ஆராய்ந்து பார்த்தே சபையில் சேர்த்தார். இது சிலருக்குக் கடுமையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் சொல்லொணாக் கொடுமையில் உழன்றவர்கள் விடுதலையை நாடியது குற்றமாகாது. மனித மதிப்பை வேண்டுவதும் மெய்ந்நெறியை வேண்டுவதும் அவர்களுக்கு வெவ்வேறாக இருக்கவில்லை. இதனை ஐயர் முழுதும் உணர்ந்தாரா என்று நாம் வினவலாம். அவர் தொண்டின் பெருமை அதனால் குறையாது.

இடைவிடாத உழைப்பும் தனிமையும் அவர் உடலை வாட்டின. 1816ஆம் ஆண்டில் அவர் மயிலாடியை விட்டுப் புறப்பட்டார். கடற்பயணத்துக்கு ஆயத்தமாகச் சென்னையை அடைந்தபோதும் அவரிடம் மேல்சட்டை இல்லை. அதன்பின் அவர் எங்கே, எவ்வாறு மறைந்தார் என்பது வரலாற்றில் தெளிவுபடாமலே போயிற்று. அவருடைய கல்லறை எங்குள்ளது என்பதும் தெரியவில்லை.

எனினும் புறப்படுமுன் அவர் ஒரு செயல் செய்தார். சபைகளையும் பள்ளிகளையும் காக்கும் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். நம்மவரை எழுத்தறியவும் தகுதியற்றவர் என்று உலகம் ஒதுக்கிய நாளில், அக்குலத்தவர் ஒருவரே பல ஊர்ச் சபைகளுக்கும் பள்ளிகளுக்கும் தலைமை ஏற்றார். 1818ஆம் ஆண்டில் மீட் ஐயர் வந்து பணியேற்கும்வரை, வெளியார் எவர் துணையுமின்றி அவற்றை அழியாமல் காத்தார். மீட் ஐயர் நாகர்கோவிலை நடுவிடமாக்கி அப்பணியை விரிவாக்கினார்.

அன்புள்ள இளைஞர்களே! நமக்குக் கல்வியைப் பிறர் இரங்கி அளித்தனர் என்று சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். மயிலாடியின் வரலாறு அக்கூற்றை மறுக்கிறது. வந்தவர் தொண்டுள்ளம் படைத்தவர். அதனை நன்றியோடு போற்றுவோம். ஆனால் தேடிச் சென்று கேட்டவரும், எதிர்ப்பில் தளராது நின்றவரும், வந்தவர் சென்றபின் கட்டிக் காத்தவரும் நம்மவரே. கல்விச் சங்கம் ஒன்றை நாமே அமைத்து இருபத்தைந்து ஆண்டுகள் நடத்தியிருப்பது வேதமாணிக்கம் காட்டிய அவ்வழியில்தான். இன்னும் பள்ளி வாயிலை எட்டாத பிள்ளை நம் தெருக்களில் ஒருவர் இருப்பினும், அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் கடமை உங்களுடையது.