பன்னிரண்டு படுக்கைகள்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தொண்டைமான் மன்னர்களின் தனியரசாக விளங்கியது புதுக்கோட்டை. அங்கு 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி, மகாராசா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பொட்டுக்கட்டும் வழக்கம் பெண்களை எந்நிலையில் நிறுத்தியது என்பதை முத்துலட்சுமி ஏட்டில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேசன் தேறிய அவர், மேற்படிப்பை நாடியபோது ஊரில் எதிர்ப்பு மூண்டது. மகாராசா கல்லூரி அன்று ஆடவர் மட்டுமே பயின்ற கல்லூரி. பெண்ணொருத்தி வகுப்பில் அமர்ந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்று சிலர் வாதிட்டனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதற்குச் செவிசாய்க்காமல் இசைவளித்தார். இன்று மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரி என்னும் பெயரால் அறியப்படுவது அக்கல்லூரியே.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்னும் பெருமையையும், பின்னர் மேலவைத் துணைத்தலைவர் பதவியையும் பெற்றார். போட்டித் தேர்வுக்குப் படிப்போர் இந்த முதன்மைகளை மனப்பாடம் செய்வது வழக்கம். ஆயினும் அவர் வாழ்வின் போக்கை மாற்றியவை இவையல்ல. ஓர் இறப்பும், அவர் வாயிலில் வந்து நின்ற மூன்று சிறுமியருமே.

இறந்தவர் அவர்தம் தங்கை சுந்தராம்பாள். குடலைப் பற்றிய புற்றுநோய் இன்னதென்று தெளிவாவதற்குள் காலம் கடந்துவிட்டது. உடன்பிறந்தவர் மருத்துவராக இருந்தும், அந்த இளம்பெண் பட்ட வேதனையைத் தணிக்க வழியில்லை. அன்று தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்றேனும் இல்லை. 1925-இல் உயர் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்ற முத்துலட்சுமி, அங்குப் புற்றுநோய் மருத்துவத்தையும் கற்றுத் திரும்பினார்.

சட்டமன்றத்தில் தேவதாசி முறை ஒழிப்புக்காக அவர் கடுமையாகப் போராடினார். காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930-இல் பதவியைத் துறந்தார். அக்காலத்தில்தான் அம்முறையிலிருந்து தப்பிவந்த சிறுமியர் மூவர் அவரிடம் அடைக்கலம் கேட்டு வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. முத்துலட்சுமி தம் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் முழுமையாக நிறைவேறியது 1947-இல். சட்டம் வரும்வரை பொறுத்திருக்கலாம். வாயிலில் நிற்கும் பிள்ளைக்கு அன்றிரவே சோறும் பாயும் வேண்டுமல்லவா? சமூகப் பணி என்பது பெரும்பாலும் இந்த இரவுக்கணக்கில் நடப்பது.

தங்கையின் துயரை அவர் மறக்கவில்லை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். அது செயலாகப் பல ஆண்டுகள் ஆயின. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கப் போகிறவர்தாமே, அவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்னும் எண்ணம் அதிகாரத்தில் இருந்தோரிடமும் நிலவியது. கொடியதாகத் தோன்றினும், அக்கேள்வியைக் கேட்டவர் அனைவரும் கல்நெஞ்சர் அல்லர். பணம் குறைவு, காலரா, காசநோய், பிள்ளைப்பேற்று மரணம் எனத் தேவைகள் மிகுதி. பிழைக்கக்கூடியவருக்கே முதலிடம் என்பது அவர்கள் கணக்கு. தங்கையின் படுக்கையருகே இருந்த முத்துலட்சுமியின் கணக்கு வேறு. பிழைப்பாரா என்று கேட்பதற்கு முன், இவருக்கு இன்று எவ்வளவு வலிக்கிறது என்று கேட்க வேண்டும் என்பது அவர் நிலை.

இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டப்பட்டது. 1952 அக்டோபர் 10-ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18-ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று முத்துலட்சுமிக்கு 68 அகவை நிறையச் சில வாரங்களே இருந்தன. அறுவை மருத்துவரான மகன் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். 1955-இல் மருத்துவர் சாந்தா இணைந்தார்.

அதே காலத்தில் இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் பெண்மணியும் இத்திசையிலேயே நடந்துகொண்டிருந்தார். செவிலியாகத் தொடங்கி, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பின் மருத்துவமும் கற்ற அவர், 1967-இல் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் திறந்தார். அடையாறு மருத்துவமனை ஹாஸ்பிஸ் அன்று; நோயைத் தீர்க்கவே எழுந்தது. எனினும் கைவிடப்பட்டவருக்கு ஒரு படுக்கை என்னும் இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

அப்படுக்கையைச் சுற்றி மருத்துவரால் மட்டும் முடியாத வேலைகள் உள. அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒருவர் சென்னைக்கு வந்தால், துணைக்கு வந்தவர் எங்கே தங்குவார்? விட்டுவந்த பிள்ளைகளுக்கு யார் சமைப்பார்? நோய் தீராது என்னும் செய்தியை வீட்டாருக்கு எப்படிச் சொல்வது? இவற்றைத் தம் பணியாகக் கொள்பவரே மருத்துவச் சமூகப் பணியாளர். இதற்கான கல்வி 1936-இல் பம்பாயில் டாட்டா பள்ளியில் தொடங்கியது. அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பட்ட அதே 1952-இல் சென்னைச் சமூகப்பணிப் பள்ளியும் தோன்றியது. இன்று சமூகப்பணி முதுகலையில் மருத்துவம், உளநலம் சார்ந்த பிரிவைத் தேர்ந்து, மருத்துவமனைகளில் களப்பயிற்சி பெற்று இத்துறையில் நுழையலாம். பட்டத்தைக் காட்டிலும், நோயாளியின் அருகில் பேசாமல் அமர்ந்திருக்கும் பொறுமையே பலருக்குக் கடினமான பாடம்.

1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி, 1968 சூலை 22-ஆம் நாள் மறைந்தார். மகப்பேற்று நிதியுதவித் திட்டத்திற்குத் தமிழக அரசு அவர் பெயரைச் சூட்டியுள்ளது. இளம் மருத்துவராக அடையாற்றில் சேர்ந்த சாந்தா, 2021-இல் மறையும்வரை அம்மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்தார்.