கடல் தாண்டிய கணித மேதை

படித்த டாக்டரும் இன்ஜினியரும் வெளிநாட்டுக்குப் போகக் கூடாது, சட்டம் போட்டே தடுக்கணும் என்று நம் ஹாஸ்டலில் அடிக்கடி வாக்குவாதம் நடக்கும். அப்படித் தடுக்கப் பார்த்த ஒருவர் நம்ம பக்கத்து ஆள்தான் நண்பர்களே! 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுஜன்.

வளர்ந்தது கும்பகோணம். தந்தை துணிக்கடையில் கணக்கு எழுதியவர். மகன் கணக்கில் புலி, மற்ற பாடங்களைத் தொடவே மாட்டார். கும்பகோணம் கல்லூரியிலும் தேறவில்லை, பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. (அரியர் வைத்திருப்பவர்கள் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். அவர் நோட்டுகளில் ஆயிரக்கணக்கில் தேற்றங்கள் இருந்தன.) 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலை கிடைத்தது.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தன் தேற்றங்களை எழுதி அனுப்பினார். ஹார்டி வியந்துபோய் இங்கிலாந்துக்குக் கூப்பிட்டார். இவர் போகவில்லை. அரசாங்கமா தடுத்தது? இல்லை. துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்காகப் பரிந்து பேசியவர். தடுத்தது சாதிக் கட்டுப்பாடு. பிராமணர் கடல் தாண்டினால் தள்ளி வைத்துவிடுவார்கள். தாயார் கோமளத்தம்மாளும் வேண்டாம் என்றார். பிறகு குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவில் வந்து, மகனைத் தடுக்க வேண்டாம் என்று சொன்னதால் சம்மதித்தாராம். எங்க வளப்பூர் நாட்டிலிருந்து மலை இறங்கிப் போகிற அதே நாமக்கல் தாயார்தான்! நான் பாலிடெக்னிக்கில் சேர மலை இறங்கினப்போ எங்க ஆயாவும் அழுதது. அதுக்குக் கனவு எதுவும் வரவில்லை, நான்தான் வந்துவிட்டேன்.

குடுமியை எடுத்து, கோட்டு மாட்டி, 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாமென்று தாயாரை முன்னமே ஊருக்கு அனுப்பிவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுண்டு கொடுத்தது. அதில் மாதம் 60 ரூபாய் வீட்டுக்குப் போனது.

இங்கேயே இருந்திருக்கலாமே என்பார்கள். அதே பல்கலைக்கழகம் இங்கேயும் மாதம் 75 ரூபாய் கொடுத்தது உண்மை. ஆனால் அவர் எழுதியதைப் படித்து, சரி தப்பு சொல்லி, மேலே கொண்டுபோக இங்கே ஆள் இல்லையே! தடுத்திருந்தால் யாருக்கு லாபம்?

போனதற்கு விலையும் பெரிசு. உலகப் போர், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். 1917-லேயே படுத்துவிட்டார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், டிரினிட்டி கல்லூரியின் முதல் இந்திய ஃபெல்லோ என்ற பெருமைகள் வந்தபோது உடம்பு போய்விட்டது.

போனவன் ஊரை மறப்பான் என்கிற நண்பர்களுக்கு ஒன்று. 1918 டிசம்பரில் பல்கலைக்கழகம் மறுபடி வருடம் 250 பவுண்டு அறிவித்தது. அது அதிகம், பெற்றோருக்கு 50 பவுண்டு கொடுத்து, தன் செலவு போக மீதியை ஏழை மாணவர் ஃபீசுக்கும் புத்தகத்துக்கும் கொடுங்கள் என்று அங்கிருந்தே எழுதினார்.

1919 மார்ச்சில் திரும்பினார். இராமேஸ்வரம் கூட்டிப்போய்ப் பரிகாரம் செய்யத் தாயார் நினைத்தும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. கடல் தாண்டியவர் என்பதால் உறவினர் பலர் கடைசிக் காரியத்துக்கே வரவில்லை. தகனத்துக்கு ஏற்பாடு செய்தவர், வேலை இல்லாத காலத்தில் மாதாமாதம் பணம் கொடுத்து அவரைக் காப்பாற்றிய இராமச்சந்திர ராவ்.