யார் இந்த ஆர்னே டிசேலியஸ்? ரத்தத்தை மின்சாரத்தால் பிரித்துப் பார்த்த விஞ்ஞானியின் கதை

விழுப்புரம் மாவட்டத்தில் இரும்பை, திண்டிவனம் பக்கமெல்லாம் வயல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாம்புக்கடி பயம் எப்போதும் உண்டு. கடிபட்டவருக்கு விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால், மருத்துவமனையில் டிரிப்ஸ் வழியாக விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடிகளைப் பிரித்தெடுத்துத் தயாரிக்கும் மருந்து இது. இதற்கான விஷத்தைத் தருவதில் முக்கியமானவர்கள், ஈசிஆரில் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர்.

இந்த வகை மருந்து 1890-களிலேயே வந்துவிட்டது. ஆனால், ரத்தத்தில் இருக்கும் இத்தனை புரதங்களில் எது ஆன்டிபாடி என்பது அடுத்த 40 ஆண்டுகளுக்குத் துல்லியமாகத் தெரியாது. அதை மின்சாரத்தின் உதவியோடு காட்டியவர் ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்னே டிசேலியஸ்.

அப்பாவை இழந்த சிறுவன்

1902 ஆகஸ்ட் 10-ம் தேதி ஸ்டாக்ஹோமில் பிறந்தார் டிசேலியஸ். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட, குடும்பம் உறவினர்கள் இருந்த கோத்தன்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. படித்தது உப்சாலா பல்கலைக்கழகத்தில். 1925-ல் அங்கேயே தியோடர் ஸ்வெட்பெர்கிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஸ்வெட்பெர்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்படி ஒரு குருவிடம் இவருக்குக் கிடைத்த வேலை, மின்சாரத்தை வைத்துப் புரதங்களைப் பிரிக்க முடியுமா என்று பார்ப்பது.

இது எப்படி வேலை செய்கிறது?

பள்ளி வேதியியல் பாடத்தில் ‘மின்முனைக் கவர்ச்சி’ என்று படித்திருப்போமே, அதுதான். கரைசலில் இருக்கும் புரதங்களுக்கு மின்சுமை உண்டு. மின்சாரம் பாய்ச்சினால் அவை எதிர்முனையை நோக்கி நகரும். ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் போகாது. விழுப்புரத்தில் இருந்து சென்னைக்கு ஒரே நேரத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் பஸ், ஒரு சாதா பஸ், ஒரு டிராக்டர் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ் திண்டிவனத்தைத் தாண்டும்போது டிராக்டர் விக்கிரவாண்டியைத்தான் தாண்டியிருக்கும். புரதங்களும் அப்படித்தான். மின்சுமை, அளவு, வடிவத்தைப் பொறுத்து முன்னும் பின்னுமாகப் பிரிந்துவிடும்.

சரி, இதில் என்ன சிக்கல்? சூடு. மின்சாரம் பாய்ந்தால் கரைசல் சூடாகும். சூடான பகுதி லேசாகி மேலே போகும், குளிர்ந்த பகுதி கீழே இறங்கும். உலையில் அரிசி சுழல்வது மாதிரி எல்லாம் மறுபடி கலந்துவிடும். 1930-ல் இந்தத் தலைப்பிலேயே முனைவர் பட்டம் வாங்கிவிட்டார் டிசேலியஸ். ஆனாலும் முடிவுகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. அந்த ஆராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு, சியோலைட் என்ற கனிமத்தை ஆராயப் போய்விட்டார்.

திரும்ப வைத்த பிரின்ஸ்டன்

1934-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவித்தொகை கிடைத்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனார். போனது சியோலைட் ஆராய்ச்சிக்குத்தான். ஆனால் அங்கே சந்தித்த உயிரியல் விஞ்ஞானிகளுடன் பேசப் பேச, புரதங்களைச் சுத்தமாகப் பிரிக்க ஒரு வழி இல்லாமல் எல்லோரும் திண்டாடுவது புரிந்தது. கைவிட்ட வேலையை மறுபடி கையில் எடுத்தார்.

இந்த முறை நேரடியாகச் சூட்டோடு மோதினார். தண்ணீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியஸில்தான் அதிகம். அதையொட்டிய வெப்பநிலையில் சூடு கொஞ்சம் ஏறினாலும் அடர்த்தி அவ்வளவாக மாறாது. அதனால் கரைசல் சுழலாது. எனவே குழாயை அந்தக் குளிரிலேயே வைத்தார். உருண்டைக் குழாய்க்குப் பதில் தட்டையான குழாயைப் பயன்படுத்தினார். சூடு சீக்கிரம் வெளியேறியது. புரதங்கள் பிரியும் எல்லைகளைப் பார்க்க, ஒளி வளைவதைப் படம் பிடிக்கும் கருவியையும் சேர்த்தார். மொத்தக் கருவியின் நீளம் சுமார் 20 அடி!

குதிரையின் ரத்த சீரத்தை அதில் வைத்தபோது, அதுவரை ஒரே கூட்டமாகத் தெரிந்த குளோபுலின் மூன்றாகப் பிரிந்தது. அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பெயர் வைத்தார். ஆல்புமின் தனியாக முன்னால் ஓடியது. இந்த ஆய்வுக் கட்டுரையை உயிர்வேதியியல் இதழ் ஒன்று, இயற்பியல் அதிகமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. பிறகு 1937-ல் ஃபாரடே சொசைட்டியின் இதழில் வெளியானது.

அடுத்து, அமெரிக்காவில் இருந்து வந்த எல்வின் கபாட்டுடன் சேர்ந்து முக்கியமான சோதனை ஒன்றைச் செய்தார். முட்டை வெள்ளைக்கருப் புரதத்தை முயல்களுக்குச் செலுத்தி, ஆன்டிபாடி உருவான சீரத்தைக் கருவியில் பார்த்தார்கள். காமா பகுதி பெரிதாக இருந்தது. அதே புரதத்தைச் சேர்த்து ஆன்டிபாடிகளை மட்டும் சீரத்தில் இருந்து நீக்கியதும், காமா பகுதி சுருங்கியது. ஆன்டிபாடி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. 1948-ல் வேதியியல் நோபல் பரிசு டிசேலியஸைத் தேடி வந்தது.

நமக்கு என்ன பயன்?

அடுத்த ஆண்டே இந்தக் கருவியின் உதவியால், அரிவாள் செல் ரத்தசோகைக்குக் காரணம் ஹீமோகுளோபினின் மின்சுமையில் இருக்கும் மாற்றம் என்று லைனஸ் பாலிங் குழு காட்டியது. நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்தப் பாதிப்பு இருப்பது 1952-ல் தெரியவந்தது. இன்று இந்நோயைக் கண்டறியும் பரிசோதனைகளில் ஒன்றான ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரெசிஸின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தொழிற்சாலையில் ஏன் சிக்கல்?

சோதனைக் குழாயில் ஜெயித்த மின்சாரம், டன் கணக்கில் மருந்து தயாரிக்கும் ஆலையில் மட்டும் தடுமாறியது. காரணம் அதே பழைய சூடுதான். குழாயைப் பெரிதாக்கினால் நடுவில் உண்டாகும் சூடு வெளியே வர முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஆல்புமின் தேவைப்பட்டபோது, ஹார்வர்டின் எட்வின் கோன் ரத்தப் பிளாஸ்மாவைக் குளிர்ந்த ஆல்கஹாலால்தான் பிரித்தார். சரியாகப் பிரிந்ததா என்று பார்க்க மட்டும் டிசேலியஸ் கருவி. எடையற்ற நிலையில் கரைசல் சுழலாதே என்று, 1980-களில் விண்வெளி ஓடத்தில்கூட மருந்துப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்த்தது மெக்டோனல் டக்ளஸ் நிறுவனம். முயற்சி தொடரவில்லை. மரபணு மாற்றிய செல்களில் அந்தப் புரதத்தைத் தயாரிப்பது பூமியிலேயே சுலபமாகிவிட்டது.

மாற்று வழி டிசேலியஸ் பணியாற்றிய உப்சாலாவிலும் உருவானது. அவரது மாணவர் ஜெர்கர் போரத், மின்சாரம் பாயும்போது கரைசல் சுழலாமல் இருக்க ஒரு நிரப்புப் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடலில் கிடைத்தது, புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் மணிகள். 1959-ல் செஃபடெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. பிறகு மின்சுமை ஏற்றிய மணிகளும் வந்தன. எதிர் மின்சுமை உள்ள புரதம் மணியில் ஒட்டிக்கொள்ளும். உப்புக் கரைசல் ஊற்றினால் கழன்று வரும். மின்சாரம் பாய்ச்சவே வேண்டாம் என்பதால் சூடும் இல்லை. இன்சுலின் முதல் புற்றுநோய்க்கான ஆன்டிபாடி மருந்துகள் வரை, இன்று ஆலைகளில் சுத்திகரிக்க இந்த முறை பயன்படுகிறது.

நோபல் அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்த டிசேலியஸ், 1971 அக்டோபர் 29-ம் தேதி மாரடைப்பால் காலமானார். அவருடைய 20 அடிக் கருவி இன்று மேஜை மேல் வைக்கும் சின்ன ஜெல் தட்டாகச் சுருங்கிவிட்டது. ஆனால் வேலை அதேதான். ஆலை எந்த வழியில் புரதத்தைப் பிரித்தாலும், அதில் வேறு ஏதாவது கலந்திருக்கிறதா என்பதைச் சோதிக்க இன்றும் மின்சாரத்தில் ஓடவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.