லூல்கந்துரத் துரை

ஹட்டனிலே பல்லாண்டாகத் தமிழ் கற்பித்து வரும் நான், மாணாக்கர்க்குப் பெரியோர் சரிதம் உரைக்கும் வேளைகளில் ஒருவரை விடாது குறிப்பிடுவதுண்டு. அவர் புலவருமல்லர், புரவலருமல்லர். தோட்டத் துரை ஒருவர். எனினும் நம் மலையகத்தின் தோற்றத்தையே மாற்றியமைத்தவர். ஜேம்ஸ் டெயிலர் என்பது அவர் பெயர்.

ஸ்கொத்லாந்து நாட்டில் எளிய குடும்பமொன்றிலே 1835-ஆம் ஆண்டு பிறந்த டெயிலர், இளம் பிராயத்திலேயே தாயை இழந்தார். பதினேழு வயது நிரம்புவதற்கு முன்னரே காப்பித் தோட்ட வேலைக்கு ஒப்பந்தமாகி, 1852-இல் இலங்கை வந்திறங்கினார். கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டம் அவருடைய வாழ்க்கைக் களமாயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்மலைகளிலேயே வாழ்ந்தார். பிறந்த நாட்டுக்கு மீண்டும் சென்றாரில்லை. 1874-இல் டார்ஜீலிங் சென்று தேயிலைத் தொழிலைக் கண்டு வந்ததே அவர் பெற்ற ஓய்வு என்பர்.

அவர் வந்த காலம் காப்பி கொழித்த காலம். மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளினூடே கால்நடையாக வந்த நம் முன்னோர், கோடரி கொண்டு மலைக் காடுகளை வீழ்த்தினர். மழையைத் தாங்கி மண்ணைப் பிடித்து நின்ற பெருமரங்கள் சாய்ந்தன. மலைச் சரிவெங்கும் காப்பி ஒன்றே நின்றது. ஒரே பயிரை நம்பி வாழும் நாடு ஒற்றைக் காலில் நிற்கும் மனிதனுக்கு ஒப்பாகும். 1869-இல் மடுல்சீமைப் பகுதியிலே காப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றின. காற்றிலே பரவிய அந்தப் பூஞ்சண நோய், சில ஆண்டுகளில் பெருஞ் செல்வத்தைச் சருகாக்கி விட்டது. தோட்டங்கள் பாழாயின, துரைமார் பலர் கப்பலேறினர், வேலையிழந்த தொழிலாளர் பட்ட துயரோ சொல்லுந் தரத்ததன்று.

டெயிலரின் பெருமை இங்கேதான் விளங்குகின்றது. நோய் காணப்படுவதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1867-இல், அவர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காய்ச்சல் மருந்துக்குரிய சிங்கோனாவையும் வளர்த்துப் பார்த்தார். முதலில் ஆலை கிடையாது. பங்களாத் தாழ்வாரத்தில் மேசைமீது கொழுந்தைப் பரப்பிக் கையாலே உருட்டி, களிமண் அடுப்பின் கரித்தணலிலே வாட்டித் தூளாக்கினர். பின்னர் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் உருட்டுப் பொறியொன்றையும் அவர் அமைத்தார். 1873-இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. காப்பி மாண்டபோது நாடு பற்றிப் பிடிப்பதற்குக் கொம்பொன்று இருந்ததென்றால், அது ஆபத்து வருமுன் நட்ட கொம்பு.

அவர் இறுதிக் காலம் இனிதாயிருக்கவில்லை. தோட்டத்தை விட்டு விலகும்படி மேலிடம் பணித்தது, அவர் இசைந்திலர். 1892 மே மாதத்தில், 57-ஆம் வயதில், வயிற்றுக்கடுப்பு நோயால் லூல்கந்துரவிலேயே உயிர் நீத்தார். பேருடல் படைத்த அவரை இருபத்துநான்கு தொழிலாளர் மாற்றி மாற்றித் தோள்மீது சுமந்து சென்று, கண்டி மஹய்யாவ மயானத்தில் அடக்கஞ் செய்தனர்.

பயிருக்கு மாற்றுத் தேடிய அவர் காலம், அப்பயிரை வளர்த்த மக்களுக்கு மாற்றிடம் தேடவில்லை என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். மலைச் சரிவிலே எழுந்த லயங்களில் நம்மவர் பலர் இன்றும் வாழ்கின்றனர். இன்று வானமோ பழைய வானமன்று. காற்று ஒரு பாகை வெம்மையுறின் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கும் என அறிஞர் கணித்துள்ளனர். அந்நீர் ஒரே இரவில் கொட்டும்போது, காடிழந்த சரிவு நெகிழ்ந்து இறங்குகின்றது. மழை பொய்க்கும் மாதங்களில் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். கொட்டும் மாதங்களில் அடுப்பைவிட்டு எழுந்து மேட்டைப் பார்த்தபடி தாய்மார் விழித்திருப்பர்.

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை சில ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூற்றுவர்க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மலைநாட்டுச் சரிவுகளிலே வீழ்ந்தோர் பலர்.

நோய் வருமுன் தேயிலை நட்டார் டெயிலர். மலை சரியுமுன் இம்மக்களுக்கு உறுதியான நிலமும், அதற்கு உரிமைப் பத்திரமும் வழங்குவதே அவர் சரிதத்திலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம். சரிவுகளில் மரம் நடுவதும் அதனோடு சேர்ந்ததே. அவரைச் சுமந்து சென்றோரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் மழைக்கு அஞ்சாது உறங்கும் வீடுகளே அவர்களுக்கு நாம் நாட்டக்கூடிய நடுகல்.