கும்மந்தான் கான் சாஹிப்: ஒரு படைத்தலைவரின் உயர்வும் வீழ்ச்சியும்

 

துருக்கி உதுமானியப் பேரரசின் வரலாற்றைப் படிப்போர் ஜானிஸாரிப் படையைப் பற்றி அறியாமல் இருக்க முடியாது. 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய அப்படைக்குப் புதிய படை என்பதே பெயரின் பொருள். கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களைத் திரட்டி, இஸ்லாத்தில் வளர்த்து, சுல்தானுக்கு மட்டுமே கட்டுப்பட்ட வீரர்களாக அவர்களை உருவாக்கினர். நாளடைவில் அப்படை வணிகத்திலும் அரசியலிலும் இறங்கி, சுல்தான்களையே அரியணையிலிருந்து இறக்கும் அளவுக்கு வளர்ந்தது. 1826ஆம் ஆண்டில் சுல்தான் இரண்டாம் மஹ்மூது அதனை அடியோடு ஒழித்தார்.

வாளைக் கொடுத்தவருக்கும் வாளை ஏந்தியவருக்கும் இடையே எழும் இந்த அச்சமும் ஐயமும் நம் தமிழ் மண்ணிலும் ஒரு வீரரின் வாழ்வை முடித்தன. அவர்தாம் மருதநாயகம் என்று மக்கள் அறிந்த முஹம்மது யூசுப் கான். 1997ஆம் ஆண்டில் அவரைப் பற்றிய திரைப்படம் ஒன்று தொடங்கப்பட்டு இடையில் நின்றபோது, அவருடைய பெயர் நம் இல்லங்கள்தோறும் பேசப்பட்டது. அப்பெயருக்குப் பின்னுள்ள வரலாற்றை நாம் சுருக்கமாகக் காண்போம்.

இராமநாதபுரம் சீமையில் பனையூர் என்னும் சிற்றூரில், இந்து வேளாளர் குடும்பத்தில் அவர் பிறந்ததாக வழிவழியாகக் கூறப்படுகிறது. இளமையிலேயே ஊரை விட்டு வெளியேறி இஸ்லாத்தைத் தழுவிய அவர், படைத்தொழிலையே தம் வாழ்வாகக் கொண்டார். ஆற்காட்டு நவாப் பதவிக்காக முஹம்மது அலியும் சந்தா சாஹிபும் போரிட்ட காலம் அது. ஆங்கிலக் கம்பெனி ஒருபுறமும் பிரெஞ்சுக் கம்பெனி மறுபுறமும் நின்று அப்போரை நடத்தின. யூசுப் கான் ஆங்கிலேயரின் சிப்பாய்ப் படையில் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது உணவும் தளவாடமும் கோட்டையை வந்தடையும்படி வழிகளைக் காத்து நின்ற அவருடைய திறமை, தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் கவனத்தை ஈர்த்தது. 1754ஆம் ஆண்டளவில் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவரே கமாண்டன்ட் ஆனார். அச்சொல்லே மக்கள் வாயில் கும்மந்தான் என வழங்கலாயிற்று. சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கியவர் பெற்ற உயர்வு இது.

நாம் வாழும் இப்பகுதிக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, யூசுப் கான் தெற்கிலிருந்து தம் சிப்பாய்களுடன் வந்து, செங்கல்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் இடைப்பட்ட பகுதிகளில் நின்று பிரெஞ்சுக்காரர்களின் உணவு வழிகளைத் துண்டித்தார். 1759 பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் கடும் சண்டை நடந்தது. அம்மாதத்திலேயே ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர, லாலி முற்றுகையை விட்டு நீங்கினார். இன்று நாம் அன்றாடம் கடந்து செல்லும் சாலைகளின் அருகே அவருடைய படைகள் நடமாடின என்பதை நம்மில் பலர் அறியோம்.

அதன்பின் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிருவாகம் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க் குத்தகைக்கு அவரிடம் வந்தது. கண்மாய்களையும் கோட்டைகளையும் அவர் செப்பனிட்டார். கொள்ளையை ஒடுக்கினார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு நின்றுபோயிருந்த மானியத்தை மீண்டும் அளித்தார். எனினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. கப்பம் கட்ட மறுத்து நின்ற நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டைகளை 1761இல் வீழ்த்தியவரும் இவரே. அன்று அவர் ஏந்திய வாள் கம்பெனிக்கும் நவாபுக்கும் உரியதாகவே இருந்தது.

அவருடைய செல்வாக்கு வளர வளர நவாப் முஹம்மது அலிக்கு அச்சம் வளர்ந்தது. குத்தகைப் பணம் தம் வழியாகவே வரவேண்டும், யூசுப் கான் தமக்கே கட்டுப்பட்டவர் என்று நவாப் வலியுறுத்தினார். கம்பெனியும் நவாபின் பக்கம் சாய்ந்தது. பணிந்து போக மனமில்லாத யூசுப் கான் 1763ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஆனால் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் செய்து கொண்டனர். எனவே அவர் எதிர்பார்த்த பேருதவி வரவில்லை.

மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. 1763இன் இறுதியில் மழையும் நோயும் சூழ்ந்ததால் ஆங்கிலப் படை பின்வாங்கியது. 1764 ஜூன் 26 அன்று நடந்த பெருந்தாக்குதலையும் அவர் முறியடித்தார். பீரங்கியால் முடியாததைப் பசி முடித்தது. உணவு வழிகளைக் காத்தும் துண்டித்தும் புகழ்பெற்றவர், அதே வழிகள் தமக்கு அடைபட்டபோது செயலற்றுப் போனார். அக்டோபர் 13 அன்று அவருடைய திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுப் படையதிகாரி மார்ஷானும் பிறரும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டினர். தொழுகையில் இருந்தபோது பிடித்தனர் என்பது மக்கள் வழக்கு. அக்டோபர் 15 அன்று நவாபின் ஆணைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் உள்ளது. கான்சாமேட்டுத் தெருவும் கான்பாளையமும் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. நாட்டுப்புறப் பாடகர்கள் அவர் கதையைக் கான்சாகிபு சண்டை எனப் பாடினர்.

அவருக்குப் பின் கம்பெனியின் சிப்பாய்ப் படை முழுவதற்கும் தலைவராக நம் நாட்டவர் எவரையும் ஆங்கிலேயர் அமர்த்தவில்லை. சிப்பாய்களின் எண்ணிக்கை பெருகிய போதிலும், தலைமை வெள்ளை அதிகாரிகளிடமே நின்றது. அந்த மனக்குமுறலும் சேர்ந்தே 1806இல் வேலூர்க் கோட்டையில் வெடித்தது. நவாபின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. தம் சிறந்த படைத்தலைவரைக் கம்பெனியின் துணையால் ஒழித்தவருடைய வாரிசு, 1801இல் கர்நாடக ஆட்சியை அதே கம்பெனியிடம் எழுதிக் கொடுக்க நேர்ந்தது.

அன்பிற்குரிய சகோதரர்களே! துருக்கியில் ஒரு படை தன் அரசர்களை விழுங்கியது; மதுரையில் ஓர் அரசர் தம் படைத்தலைவரை விழுங்கினார். ஆனால் நவாபும் யூசுப் கானும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய பிணக்கை அந்நியரிடம் கொண்டு சென்றதால், பலன் அந்நியருக்கே போய்ச் சேர்ந்தது. குடும்பத்திலோ ஊரிலோ ஜமாஅத்திலோ பிணக்கு எழும்போது, அமர்ந்து பேசித் தீர்க்கும் பொறுமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.